தூக்கி ஊற்றிய தண்ணீர்

தண்ணீரைத் தூக்கி ஊற்றுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். சொம்பை நெஞ்சுக்கு மேலே பிடிக்க வேண்டும். தாரை மெல்லியதாகவும் அறுபடாமலும் விழ வேண்டும். கீழே குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்திருப்பவரின் விரல்களில் பட்டுத் தெறிக்கும் துளி, திரும்ப மேலே வந்து சொம்பில் படக் கூடாது. அவசரப்பட்டுக் கவிழ்த்தால் குடிப்பவருக்குப் புரையேறும். பயந்து மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் சொம்பின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நம் முழங்கையில் வழியும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் ஆத்தா இதைச் சொல்லிக்கொடுத்தார். கோலத்துக்குப் புள்ளி வைக்கவும் கம்பு புடைக்கவும் சொல்லிக்கொடுத்த அதே பொறுமையோடுதான் சொல்லிக்கொடுத்தார். "இன்னுங் கொஞ்சம் தூக்கு கண்ணு. ஆங், அப்பிடித்தான்."

அவிநாசிக்கு வடக்கே எங்கள் கடலைக்காட்டில் களை வெட்ட வரும் பெண்களுக்கான தண்ணீர் அது. அவர்களில் ஒருவருக்கு அப்போதே என் ஆத்தாவின் வயது. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். "இந்தா, குடி" என்பேன். அவர் என்னை "அம்மிணி" என்பார், சில சமயம் "சாமி" என்பார். குடித்து முடித்ததும் "போதுமுங்க" என்று சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்வார்.

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லோருக்கும் பெருமை உண்டு. சினிமாக்காரர்களும் அதைக் கொண்டாடியிருக்கிறார்கள். வாங்க, சொல்லுங்க, ஏனுங்க, சரீங்க. சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க போங்க' என்று அழைக்கும் ஊர் என்பார்கள். தமிழ் படித்து, தமிழில் ஆய்வு செய்து, தமிழ் கற்பித்துப் பிழைக்கிற நான், அந்த 'ங்க' எந்தத் திசையில் பாய்ந்தது என்று யோசிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. எழுபது வயதுப் பெண் ஏழு வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தார். ஏழு வயதுப் பெண் திருப்பிக் கொடுக்கவில்லை. வட்டார வழக்கு பற்றிய வகுப்புகளில் விகுதிகளைப் பட்டியலிடுகிறோம். அந்த விகுதி யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் பாடத்தில் சேர்த்தால்தான் அது முழு இலக்கணமாகும்.

தீண்டாமையின் வரலாற்றைத் தெரு, கிணறு, கோயில், தேநீர்க் கடை, பேருந்து என்று பொது இடங்களின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம். அங்கே தடுத்தவர்களும் ஆண்கள், தடுப்பை உடைத்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள் என்பது போன்ற ஒரு சித்திரம் அதனால் உருவாகிவிட்டது. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறையில் இருந்தபோது பெண்களைத் திரட்டிப் போராடிய நாகம்மையையும் கண்ணம்மாளையும் நாம் நினைவுகூர்கிறோம். சரிதான். தெருவில் நின்று தடுத்தவனுடைய கைக்குப் பயிற்சி எங்கே கிடைத்தது என்று கேட்பதில்லை. கட்டுத்தரையின் கூரையிடுக்கில் செருகி வைத்த ஈயத் தட்டும் கொட்டாங்குச்சியும் யார் பொறுப்பில் இருந்தன? எந்தப் பாத்திரம் எந்தக் கைக்கு என்று பிரித்து வைத்தது யார்? எங்கள் வீட்டில் அப்பாரு இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. ஆத்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

'புழங்குவது' என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. பணம் புழங்கும், பாத்திரம் புழங்கும், பேச்சு புழங்கும். அதே சொல்லால்தான் சாதியையும் அளந்தார்கள். 'அவங்க வூட்ல நாங்க தண்ணி பொழங்க மாட்டோம்' என்றால் அந்த இரண்டு சாதிகளுக்கு இடையிலான தூரம் துல்லியமாகத் தெரிந்துவிடும். இன்னொரு சொல், 'ஊர்'. எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, வளவு வேறு. வளவில் பிறந்தவருக்கு வாக்காளர் அட்டையில் இருப்பது அந்த ஊர்ப் பெயர்தான். இருந்தாலும் 'ஊர் கூடிப் பேசிச்சு' என்னும்போது அவர் அதில் இல்லை. 'பொது' என்ற சொல்லும் அப்படித்தான். ஊர்ப்பொதுக் கிணறு என்றால் ஊருக்குப் பொது. எல்லோருக்கும் உரியது என்ற பொருளை அந்தச் சொல்லுக்குச் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

சட்டம் முதலில் வந்த ஆண்டு நமக்குத் தெரியும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் பொதுக் கட்டடங்களும் ஒடுக்கப்பட்ட மக்கள் உட்பட எல்லோருக்கும் உரியவை என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாணை வந்தது. பிறகு அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்கும் பிறகு, 2023 டிசம்பரில் எங்கள் திருப்பூர் மாவட்டத்தின் மடத்துக்குளம் வட்டத்தில், ராஜாவூர் என்ற கிராமத்தில், தலித் மக்கள் அறுபது பேர் அளவில் ஒரு தெருவில் செருப்பணிந்து நடந்தார்கள். அந்தத் தெருவில் அவர்கள் செருப்போடு நடந்தது அதுவே முதல் முறை என்று செய்தி வந்தது. 1924க்கும் 2023க்கும் நடுவே 99 ஆண்டுகள். செருப்பு தைக்கும் தொழிலோடு சேர்த்தே பேசப்பட்ட மக்கள், தாங்கள் தைத்ததைக் காலில் போட்டுக்கொண்டு ஒரு தெருவைக் கடக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வேறொரு நிகழ்வு. 2018 ஜூலையில் அவிநாசி ஒன்றியத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியின் சத்துணவு மையத்துக்குச் சமையலராக ஒரு பெண் மாறுதலில் வந்தார். அருந்ததியர். வெளியூர்க்காரர் இல்லை, அவருக்கும் அதுதான் ஊர். அவர் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று பெற்றோரும் மற்றவர்களும் திரண்டு பள்ளியை முடக்கினார்கள். ஒன்றிய நிர்வாகம் அவரை வேறு பள்ளிக்கு மாற்றி ஆணை போட்டது. தலித் அமைப்புகளும் இடதுசாரி அமைப்புகளும் போராடிய பிறகு அந்த ஆணை ரத்தானது. 80க்கும் மேற்பட்டோர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அவருடைய பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நான் இங்கே அதை எழுதப் போவதில்லை. மாநிலம் முழுக்கப் பல்லாயிரம் பெண்கள் சத்துணவுக் கூடங்களில் சமைக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சமையலர்கள், இவர் மட்டும் எப்போதும் 'தலித் சமையலர்'. ஒரு பெயருக்கு முன்னால் அத்தனை முறை சாதி ஒட்டப்பட்ட பிறகு, நானும் ஒருமுறை ஒட்ட வேண்டாம் என்று தோன்றுகிறது. அன்றைய செய்திகளில் என்னை நிறுத்திய சொற்றொடர் இன்னொன்று, 'ஊர் மக்கள் எதிர்ப்பு'. அந்த ஊரில் பிறந்து அந்த ஊரில் வாழ்கிறவரை அந்த ஊர் மக்கள் எதிர்த்தார்கள். எழுதிய நிருபருக்கோ படித்த நமக்கோ அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் தெரியவில்லை.

பள்ளிச் சாப்பாட்டில் பந்தி பிரிப்பது இந்த மாநிலத்துக்குப் பழைய சண்டை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1920களில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய புயல் நமக்குத் தெரியும். அந்தப் புயலின் பலனைப் பிராமணரல்லாத எல்லாச் சாதிகளும் அனுபவித்தன. கூடவே உட்கார்ந்து சாப்பிடும் உரிமையை வென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவர் சமைப்பதைத் தடுத்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது கைம்பெண்களும் ஆதரவற்ற பெண்களும் ஆயிரக்கணக்கில் இந்த வேலைக்கு வந்தார்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில், மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றே உத்தரவிட்டது. அந்த நீதிபதிகளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காருவது பாதிதான். அந்த வரிசைக்குச் சோறு யார் கையிலிருந்து வருகிறது என்பது மறுபாதி.

இந்தக் கை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்தப் பள்ளியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பூர் வந்துவிடலாம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதியாகும் நகரம். பனியன், ஜட்டி, குழந்தைகளின் உள்ளாடை, இரவு உடை என்று உடம்பின் தோலோடு ஒட்டிக் கிடப்பவைதான் இங்கே பெரும்பாலும் தயாராகின்றன. ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் எத்தனை கைகள் தொடுகின்றன என்று எண்ணிப்பாருங்கள். கட்டிங் மேஜையில் ஒருவர், ஓவர்லாக்கில் ஒருவர், பேட்லாக்கில் ஒருவர், பக்கத்திலேயே நின்று துணியை எடுத்து மடித்துத் தரும் கைமடிப் பெண், பிசிர் வெட்டும் அக்கா, செக்கிங், அயர்ன், பேக்கிங். அந்தக் கைகளில் வளவிலிருந்து வந்த கைகளும் ஊரிலிருந்து வந்த கைகளும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கைகளும் உண்டு. பள்ளி வாசலில் நின்று கத்திய தகப்பனின் முதுகிலும் அந்தப் பனியன்தான் இருந்திருக்கும். யார் தைத்தது என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை.

வயலிலும் இதுவே கதை. கடலையைப் பறிப்பதும் தக்காளியைப் பொறுக்குவதும் நெல்லை அடிப்பதும் எந்தக் கை என்று சமையலறைக்குக் கவலையில்லை. அரிசிக்குத் தீட்டு இல்லை. அதே அரிசியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றியதும் தீட்டு வந்துவிடும். ஈரமும் தீயும் பட்ட இடத்தில்தான் கை, 'யாருடைய கை' ஆகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேறு ஒழுங்கு இருந்தது. அங்கே கறுப்பினப் பெண்கள் வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் சமைத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊட்டியும் விட்டார்கள். உணவகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரத்தான் தடை. பணிவிடையாக வந்த நெருக்கத்துக்கு அங்கே அனுமதி இருந்தது, சமமாக உட்காரும் நெருக்கத்துக்கு இல்லை. 1955 டிசம்பரில் மாண்ட்கமரி நகரப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் ஒரு துணிக்கடையில் தையல் வேலை பார்த்தவர். அவர் தைத்துச் சரிசெய்த உடையை யாரும் மறுக்கவில்லை, அவர் உட்கார்ந்த இருக்கையைத்தான் கேட்டார்கள். நம்முடைய ஏற்பாடு அதைவிடவும் நுணுக்கமானது. நாம் பணிவிடையையே ஈரம், உலர்வு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

பனியன் கம்பெனி சாதியைக் கரைத்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி விடுமுறைகளில் கம்பெனிக்குப் போகிறவள். அவளிடம் ஒருநாள் கேட்டேன். "கம்பெனில அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம். ஷிப்ட்டு எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. வாடகைக்கு வீடு பாக்கப் போனாத்தான் கேப்பாங்க" என்றாள். எப்படிக் கேட்பார்கள் என்றேன். நடித்துக் காட்டினாள். வீட்டுக்கார அம்மா முதலில் "எந்த ஊருங்க?" என்பார். பிறகு "அங்க எந்தப் பக்கம்?" பிறகு "கறி சாப்புடுவீங்களா?" கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?" வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்விகளின் வரிசை எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. சிரிக்காதவர்கள் நான்கைந்து பேர் இருந்ததையும் பார்த்தேன்.

அவள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. கம்பெனியில் கை மறைந்துவிடுகிறது. உடையோடு போகும் சீட்டில் அளவு இருக்கும், துவைக்கும் முறை இருக்கும், தைத்தவர் பெயர் இருக்காது. சந்தை சாதியை மன்னித்ததாகவோ மறந்ததாகவோ இதை எடுத்துக்கொள்ள முடியாது. யார் கை என்று தெரிய வேண்டிய தேவை அதற்கு இல்லை, அவ்வளவுதான். வாடகை வீட்டிலும் பள்ளிச் சமையலறையிலும் கைக்குச் சொந்தக்காரி முகத்தோடு வந்து நிற்கிறாள். தேநீர்க் கடையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் தனிக் குவளை இருந்தது. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். பிறகு பேப்பர் கப் வந்தது. முதலில் சிலருக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். பிறகு எல்லோருக்கும் பேப்பர் கப். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது. யாரும் மனம் மாறாமல், யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், குப்பைக் கூடைக்குள் ஒழிந்துவிட்டது.

இனி, என்னால் எளிதாகப் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வி.

அந்தப் பள்ளி விவகாரம் நடந்த சில வாரங்களில் ஒரு கல்யாண வீட்டில் என் சித்தப்பா மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். படித்தவள், நல்ல மனம் கொண்டவள், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவள். "அக்கா, நான் யாரையும் கேவலமாப் பேசல. ஆனா எம் பிள்ளைக்கு யார் கையால சோறு போடறதுன்னு முடிவு பண்ற உரிமை எனக்கு இல்லீங்களா? எங்க ஒடம்பு எங்க உரிமைன்னு நீங்கதானுங்களே மேடைக்கு மேடை பேசறீங்க?"

அவளுடைய வாதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. நாம் நூறாண்டு போராடி உருவாக்கிய மொழி அது. என் உடம்பு, என் விருப்பம், என் முடிவு. இப்போது அந்த மொழியை எடுத்து அவள் ஆத்தாவின் சொம்புக்கு உறை போடுகிறாள்.

அன்று நான் சொன்ன பதில் சட்டப் பதில். உன் வீட்டில் நீ எதையும் சாப்பிடு, சாப்பிடாமலிரு. பள்ளியைப் பூட்டி ஒருத்தியின் வேலையை மாற்றச் சொல்வது உன் விருப்பத்தில் அடங்காது, அது அவளுடைய வாழ்க்கை. இந்தப் பதில் சரியானதுதான். இந்த எல்லையைத்தான் நீதிமன்றமும் காக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு இதன் ஓட்டை தெரிந்தது. யாரும் பள்ளியைப் பூட்டவில்லை, யாரும் மனு கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தாய்மாரும் பேசிவைக்காமலே ஆளுக்கொரு டப்பாவில் சோறு கட்டி அனுப்புகிறார்கள். சமையலர் காலையில் வந்து அரிசி களைந்து, சாம்பார் வைத்து, முட்டை அவித்து, மதிய மணி அடித்ததும் கரண்டியோடு நிற்கிறார். வளவுப் பிள்ளைகள் மட்டும் தட்டோடு வருகிறார்கள். அண்டா நிறைந்தே இருக்கிறது. வழக்குப் போட ஆளில்லை. 2023இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க வந்தபோது, பக்கத்துக் கரூர் மாவட்டத்து வேலன்செட்டியூரில் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்கியது. பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியரே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஆட்சியர் எத்தனை பள்ளிகளில் எத்தனை நாள் சாப்பிட முடியும்?

ஆகவே கேள்வியைச் சட்டத்துக்கு வெளியே வைத்தும் பார்க்க வேண்டும். ஒருவர் சமைத்ததை மறுக்க நூறு காரணங்கள் இருக்கலாம். உப்பு, காரம், சுத்தம், நோய், நம்பிக்கை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சமையலரால் பதில் சொல்ல முடியும். உப்பைக் குறைக்கலாம், கையைக் கழுவலாம், சமையலறையைத் திறந்து காட்டலாம். பிறப்பு என்ற காரணத்துக்கு அவர் என்ன பதில் சொல்வார்? ஆயிரம் முறை கழுவினாலும் அந்தக் கை அதே கை. அவரால் எந்நாளும் எதுவும் செய்ய முடியாதபடி அமைந்த ஒரு காரணத்தை 'சாப்பாட்டு விருப்பம்' என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. அதில் சாப்பாடே இல்லை.

உடம்பு உரிமை என்றாளே, யாருடைய உடம்பு? பசித்தது பிள்ளைக்கு. பள்ளியில் சூடாகச் சோறு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சாப்பிட்டான். இவன் சாப்பிடக் கூடாது என்று ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். தன் உடம்பின் மீதான உரிமையைக்கொண்டு அவள் இதைச் செய்யவில்லை. பிள்ளையின் பசியை எடுத்து அவனுடைய கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். எனக்கு ஏழு வயதில் நடந்ததும் அதுதான். அந்த மூதாட்டிக்குத் தண்ணீரை எட்டி ஊற்ற வேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. தாகத்தோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் டம்ளரை நீட்டுவதுதான் ஏழு வயதுக் கைக்கு இயல்பாக வரும். அந்த இயல்பை மாற்றத்தான் அத்தனை பொறுமையான பாடம் தேவைப்பட்டது.

இந்தப் பாடத்தை ஏன் பெண்களே நடத்துகிறோம்? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி பெண்களை அடைத்து வைப்பதே என்று அம்பேத்கர் விளக்கினார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் எல்லாம் அகமணத்துக்கு வேலி கட்டும் உத்திகள் என்றார். அப்போது அவருக்கு வயது 25. நாம் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது வேலிக்குள் அடைபட்டவர்களாக மட்டும் நம்மைப் பார்த்துக்கொள்கிறோம். அடைபட்டவளுக்கு உள்ளே ஒரு பொறுப்பும் கொடுக்கப்பட்டது. அடுப்பும் தண்ணீர்க்குடமும் அவள் கையில். என் ஆத்தாவுக்குச் சொத்தில் பங்கில்லை. பேரன்பேத்திகளின் கல்யாணத்தில் கருத்துச் சொல்லும் உரிமையில்லை. மாதத்தில் மூன்று நாள் அவரே வீட்டுக்குள் தொடக்கூடாதவர், அவருக்கும் தனித் தட்டு. அந்த மூன்று நாள் போக மீதி நாட்களில் தட்டுகளைப் பிரித்து வைக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவருக்கு வாய்த்த ஒரே அதிகாரம் அதுதான். அதை அவர் நேர்த்தியாகச் செய்தார். அவரைப் புரிந்துகொள்ள இது எனக்கு உதவுகிறது. களை வெட்ட வந்தவரின் பேத்தியிடம் இதை ஒரு சமாதானமாகச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியில் புதிதாக ஒருவர் எங்கள் துறையில் சேர்ந்தார். ஆசிரியர் அறையில் மதியம் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களை நடுவில் வைத்துச் சாப்பிடுவோம். எல்லோர் கரண்டியும் எல்லோர் டப்பாவுக்கும் போகும். அவரும் தன் டப்பாவை நடுவில்தான் வைத்தார். முதல் வாரம் அவருடைய கத்தரிக்காய் அப்படியே திரும்பிப் போனது. இரண்டாம் வாரமும். ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்குச் சஷ்டி விரதம். யாரும் எதுவும் பேசவில்லை. நான் தீண்டாமையைப் பற்றிக் கவிதை எழுதிப் பரிசும் வாங்கியிருந்தவள். எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரம் எவ்வளவு என்று நான் ருசித்துப் பார்க்கவே இல்லை. மூன்றாம் வாரம் அவர் டப்பாவை நடுவில் வைப்பதை நிறுத்திவிட்டார். மடியில் வைத்துச் சாப்பிட்டார். நாங்கள் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டேதான் இருந்தோம். அடுத்த ஆண்டு அவர் வேறு கல்லூரிக்குப் போனபோது சால்வை போர்த்தி வழியனுப்பினோம். வாழ்த்துரை வழங்கியது நான்தான்.

அவருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவேன், பதில் வாழ்த்து வரும்.

2018இல் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்லூரி வயது. அவிநாசி, சேவூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் முதலாண்டு வகுப்புகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் வருகிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது அந்த ஊர்ப் பெயர்கள் வந்தால் என் கண் ஒரு நொடி நிற்கும். அந்தப் பள்ளியா என்று யாரிடமும் கேட்டதில்லை. பூட்டிய வாசலுக்கு எந்தப் பக்கம் நின்றார்கள் என்றும் கேட்டதில்லை.

போன வாரம் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டப்பாக்கள். நான் கொஞ்ச நேரம் நின்று யார் கை யார் டப்பாவுக்குப் போகிறது என்று பார்த்தேன். எல்லாக் கையும் எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது, என்னால் பின்தொடர முடியவில்லை. ஒருத்தி நிமிர்ந்து, "மேடம், சாப்ட்டீங்களா? இந்தாங்க, பருப்புச் சாதம்" என்று ஒரு டப்பாவை நீட்டினாள். அவளுடையது இல்லை, வேறு யாருடையதையோ எடுத்து நீட்டினாள். நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. யார் வீட்டுச் சமையல் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது.